லூயி பிரகாசம் மாட்டிய கேபிள்

செய்தி வந்தபோது நான் தேங்காய்த்திட்டுக் கரையில் படகைக் கழுவிக்கொண்டிருந்தேன். உப்புத் தண்ணீரில் ஓடிய மோட்டாரை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவாவிட்டால் துருப்பிடித்துவிடும். சட்டைப்பையில் போன் அடித்தது. எனக்கு இருப்பது ஒரு கை. அந்தக் கையில் குழாய் இருந்தது. அதனால் முதல் தடவை எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தபோது குழாயைக் கீழே போட்டுவிட்டு எடுத்தேன். என் மனைவி தெரேஸ்.

"அண்ணன் போயிட்டாருங்க" என்றாள்.

"சரி, வரேன்" என்றேன். பிறகு குழாயை எடுத்து மிச்சத்தையும் கழுவி, மோட்டாரைத் துடைத்து, தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுத்தான் கிளம்பினேன்.

தெரேஸின் அண்ணன் லூயி பிரகாசத்தை இதைப் படிக்கிற உங்கள் எல்லோருக்கும் தெரியும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு திரும்பி, ரெட்டியார்பாளையத்தில் வீடு கட்டிக்கொண்டு, சாயங்காலமானால் வாசலில் நாற்காலி போட்டுப் போகிறவர் வருகிறவரை எல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசியவர். அவருடைய முப்பதாம் நாள் பூசைக்கும் சாப்பாட்டுக்கும் நீங்கள் வந்திருந்தீர்கள். அன்று என்னைப் பேசச் சொன்னார்கள். சொன்னபோது நான் எழுந்திருக்கவில்லை. பிறகு நானாக எழுந்து சொன்னதை இரங்கல் பேச்சு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவர் மகள் சில்வி பிரான்சுக்குத் திரும்புவதற்கு முன் என் வீட்டுக்கு வந்து, "பேசாதத எழுதியாவது குடுங்க மாமா. அப்பாவப் பத்தி நல்லதா நாலு வார்த்தை" என்று கேட்டாள். எழுதுகிறேன். நல்லதாக இருக்குமா என்பதற்கு நான் பொறுப்பில்லை.

எனக்கு அவரைப் பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. இது எங்கள் கல்யாணத்தன்றே முடிவாகிவிட்டது. தங்கையின் கல்யாணத்துக்கு லீவு போட்டு வந்திருந்தார். கோயில் வாசலில், சீருடையோடு, என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். பார்த்துவிட்டு, என் பக்கத்தில் முக்காட்டோடு நின்றிருந்த தெரேஸிடம், "ஏம்மா, இதவிட உயரமா ஒருத்தனும் கெடைக்கலியா?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் கூடச் சிரித்துவிட்டாள். கல்யாணப் படத்தில் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுதான். மாப்பிள்ளைக்கு வெட்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறவர்கள் திருத்திக்கொள்ளவும்.

மேட்டுப்பாளையத்தில் நான் வேலை பார்த்த பட்டறையில் பிரஸ் மெஷின் என் இடது கையை மணிக்கட்டோடு எடுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்கு ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். எல்லோரும் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். கட்டுப் போட்ட இடத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார்கள். லூயி பிரகாசமும் வந்தார். வெறுங்கையோடு வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, கட்டை நேராகப் பார்த்து, "வாட்ச்ச இனிமே எந்தக் கையில கட்டுவ மாப்ள?" என்றார். என் மாமியார் அவர் முதுகில் அடித்து வெளியே அனுப்பினார். நான் அன்றிலிருந்து இன்றுவரை வாட்ச் கட்டுவதில்லை.

கை போவதற்கு முன்பு நாங்கள் இருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய சிறிய ஃபைபர் படகில் அரியாங்குப்பம் ஆற்றில் கொடுவா பிடிக்கப் போவோம். பிடிக்காத இருவர் ஏன் ஒன்றாகப் போனார்கள் என்று கேட்கலாம். படகு அவருடையது. மீன் எங்கே நிற்கும் என்பது எனக்குத் தெரியும். அவ்வளவுதான். கை போன பிறகு நான் ஆற்றுப் பக்கமே போகவில்லை. தூண்டிலைப் பிடிக்க ஒரு கை, படகைத் திருப்ப ஒரு கை வேண்டும். பின்னால் இருக்கும் பெட்ரோல் மோட்டாரின் பிடியை ஒருவர் எப்போதும் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பிரான்சில் மகள் வீட்டுக்குப் போய்த் திரும்பியபோது அவர் ஒரு நீளமான பெட்டியைக் கொண்டுவந்தார். அதில் படகின் மூக்கில் மாட்டுகிற மின்சார மோட்டார் ஒன்று இருந்தது. பேட்டரியில் ஓடும், சத்தமே வராது. அதைத் திருப்புவதற்குக் கை வேண்டாம். தரையில் ஒரு மிதி இருக்கும். பாதத்தின் முன்பக்கத்தை அழுத்தினால் படகு வலப்பக்கம் திரும்பும். குதிகாலை அழுத்தினால் இடப்பக்கம். மிதிக்கும் மோட்டாரின் தலைக்கும் நடுவே, சைக்கிள் பிரேக் கம்பி மாதிரி, கறுப்பு உறைக்குள் இரண்டு எஃகுக் கம்பிகள் ஓடும். ஒன்று இந்தப் பக்கம் இழுக்கும், ஒன்று அந்தப் பக்கம் இழுக்கும்.

நல்ல காரியம்தானே என்பீர்கள். அதை அவர் எப்படிக் கொடுத்தார் என்று கேளுங்கள். தெரேஸின் பிறந்தநாளுக்குச் சொந்தக்காரர்கள் எல்லாம் கூடியிருந்தபோது, பெட்டியை நடுவீட்டில் வைத்துப் பிரித்து, "இது நொண்டிப் பசங்களுக்குன்னே செஞ்சது. இனிமே நம்ம ஒத்தக்கையன் கூட கப்பல் ஓட்டலாம்" என்றார். நான் எழுந்து மாடிக்குப் போய்விட்டேன். கேக் வெட்டும்போது கூட இறங்கவில்லை.

ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆற்றுக்குப் போனேன். தூண்டில் கம்பை இடது முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே இறுக்கிக்கொண்டு, வலது கையால் சுற்றினேன். படகைப் பாதம் பார்த்துக்கொண்டது. அலையாத்திக் காட்டின் ஓரமாக, வேர்களுக்குக் கிட்டே, நான் நினைத்த இடத்தில் நினைத்தபடி படகு நின்றது. அன்று பிடித்த கொடுவாவை நான்தான் தூக்கி வந்தேன். அவர் பின்னால் உட்கார்ந்து, "மீனு தானாவே வந்து ஏறிக்கிச்சு" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

கேபிள் அறுந்தது சில வருஷங்களுக்குப் பிறகு. உப்புக் காற்று உறைக்குள் புகுந்து கம்பியை இழை இழையாகத் தின்றிருந்தது. ஒரு நாள் மிதியை அழுத்தினேன். பாதம் தொளதொளவென்று கீழே போனது. மோட்டார் திரும்பவில்லை. துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்தோம். புதுக் கேபிளை சில்வி அங்கிருந்து வந்தவர் ஒருவர் மூலம் கொடுத்தனுப்பினாள்.

நான் பட்டறையில் வேலை பார்த்தவன். அதை நானே மாட்டுகிறேன் என்றேன். அவர் கேட்கவில்லை. "இது ரெண்டு கை வேலை. பட்டாளத்துல நான் டாங்கியே ரிப்பேர் பண்ணிருக்கேன்" என்றார். அவர் பட்டாளத்தில் இருந்த காலம் முழுக்கச் சமையற்கட்டில் இருந்தார் என்பது ஒதேத் அக்கா என்னிடம் சொன்னது. ஒதேத் அவருடைய மனைவி. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்.

அவர் வீட்டு வாசலில் மோட்டாரைப் படுக்கவைத்து, தலை மூடியைத் திறந்தார். உள்ளே ஒரு சின்ன உருளை. பழைய கம்பிகள் அதில் இரண்டு பக்கத்திலிருந்தும் எதிரெதிராகச் சுற்றி வந்திருந்தன. அவிழ்த்த திருகாணிகளை ஒவ்வொன்றாக என் உள்ளங்கையில் வைத்து, "கீழ விழாம புடிச்சிக்க. உன்னால முடிஞ்சது அதான்" என்றார். எனக்கிருந்த ஒரு கையும் அதோடு மூடிக்கொண்டது. அவர் மாட்டுவதை வேடிக்கை பார்க்கத்தான் முடிந்தது.

"மச்சான், அவுக்கறதுக்கு முன்னாடி ஒரு கம்பியில டேப்பு சுத்துங்க. இல்லன்னா எது எந்தப் பக்கம்னு தெரியாது" என்றேன்.

"எனக்கு ஞாபகம் இருக்கும்."

"மாறிடுச்சின்னா திருப்பம் எதிர்ப்பக்கமாப் போவும்."

"நீ திருகாணியப் பாரு."

இரண்டு கம்பிகளையும் உருவிப் போட்டார். நடுவில் தெருவில் போன ஒருவரைக் கூப்பிட்டு, பிரெஞ்சுக்காரன் ரொட்டிக்கும் நம்மூர் ரொட்டிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றி வெகுநேரம் பேசினார். திரும்பி வந்து புதுக் கம்பிகளை நுழைத்து, சுற்றி, இழுத்து, மிதியில் கொக்கிகளை மாட்டினார். வேகமாகத்தான் செய்தார். மூடியைப் போட்டு, என் கையைப் பிரித்துத் திருகாணிகளை எடுத்துக்கொண்டார்.

"மூடறதுக்கு முன்னாடி ஒருவாட்டி மிதிச்சிப் பாக்கலாம்" என்றேன்.

"ஆத்துல பாத்துக்கலாம்" என்றார்.

ஆற்றில் பார்த்துக்கொண்டோம். வற்றம் ஓடிக்கொண்டிருந்த நேரம். தண்ணீர் முகத்துவாரத்தை நோக்கி இழுத்தது. பெட்ரோல் மோட்டாரை நிறுத்திவிட்டு நான் முன்னால் வந்து உட்கார்ந்து மிதியில் கால் வைத்தேன். இடப்பக்கம் வலை கட்டுவதற்காக நட்ட கம்பங்கள் வரிசையாக நின்றன. அவர் நடுவில் எழுந்து நின்று தூண்டிலை வீசத் தயாரானார். கம்பங்களை விட்டு விலக வலப்பக்கம் திருப்ப வேண்டும். பாதத்தின் முன்பக்கத்தை அழுத்தினேன். படகு இடப்பக்கம் போனது. திருப்பம் போதவில்லை என்று நினைத்து இன்னும் அழுத்தினேன். படகு நேராகப் போய்க் கம்பத்தில் மோதியது. அவர் தூண்டிலோடு தண்ணீரில் விழுந்தார்.

அவருக்கு நீச்சல் தெரியாது. கப்பலில் கடல் கடந்து போய் வந்த மனிதருக்கு நீச்சல் தெரியாது. ஒரு கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, கம்பத்தில் ஒட்டியிருந்த சிப்பி கையைக் கிழிக்க, "மெர்த்! மெர்த்!" என்று பிரெஞ்சுக் கெட்ட வார்த்தையில் கத்தினார். தண்ணீர் படகை அவரைத் தாண்டி இழுத்துக்கொண்டு போனது. எனக்கு அப்போதுதான் விளங்கியது: கம்பிகள் மாறியிருக்கின்றன. காலுக்குப் பழகியதை எல்லாம் தலைகீழாக்க வேண்டும். வலம் போக வேண்டுமென்றால் குதிகால். இடம் போக வேண்டுமென்றால் முன்பாதம். ஒவ்வொரு தடவையும் கால் பழைய பழக்கத்துக்கே போனது. நான் என் காலைப் பார்த்து வாய்விட்டு, "குதிகா, குதிகா" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினேன். கோணல்மாணலாக வந்து, கம்பங்களுக்கு இடையில் படகின் மூக்கை நுழைத்து, அவர் பக்கம் கொண்டுவந்தேன்.

படகு மறுபடி ஓடாமல் இருக்க வலது கையால் கம்பத்தைப் பிடிக்க வேண்டியிருந்தது. நீட்டுவதற்கு மிச்சம் இருந்தது மொட்டைக் கை மட்டும்தான். அதை நீட்டினேன். அவர் கம்பத்தை விட்டுவிட்டு இரண்டு கையாலும் அதைப் பிடித்தார். தோள்வரை உயிர் போகிற வலி. ஏறிவிட்டார். படகுக்குள் மல்லாந்து கிடந்து, இருமி, தண்ணீரைத் துப்பி, அவர் முதலில் சொன்ன வார்த்தை இது:

"காலும் போயிடுச்சாடா உனக்கு?"

கரைக்கு வந்ததும் நான் அங்கேயே, ஆட்கள் பார்க்க, மூடியைத் திறந்து காட்டினேன். "பாருங்க. இது அங்க வரணும், அது இங்க வரணும். மாத்தி மாட்டிருக்கீங்க."

அவர் குனிந்து பார்த்தார். ரத்தம் வழிகிற கையைத் துண்டால் சுற்றியபடி நிமிர்ந்தார். "முட்டுன வேகத்துல மாறிக்கிச்சு" என்றார். கம்பி முட்டிய வேகத்தில் தானாக அவிழ்ந்து, இடம் மாறி, தானாகச் சுற்றிக்கொண்டதாம். பிறகு அங்கு நின்ற மீனவர்களிடம், "ஒத்தக்கையன நம்பிப் படகுல ஏறுனேன் பாரு, என்னச் சொல்லணும்" என்றார்.

அந்தக் கதை எங்களுக்கு முன்பாகவே வீடு வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து ஞானஸ்நானம், நிச்சயதார்த்தம், புதுமனை என்று எந்த விருந்தானாலும் அந்தக் கதை பரிமாறப்பட்டது. அவரே எழுந்து நின்று நடித்துக் காட்டுவார். நான் மிதிப்பது, தான் விழுவது, நான் முழிப்பது. உங்களில் பலர் பலமுறை பார்த்துச் சிரித்திருக்கிறீர்கள். தெரேஸ் அப்போதெல்லாம் அடுக்களைக்குப் போய்விடுவாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நான் கிளம்பும்போது, "பாத்து ஓட்டுங்க" என்று சொல்ல ஆரம்பித்தாள். அதற்கு முன் அவள் அப்படிச் சொன்னதே இல்லை. அந்த இரண்டு வார்த்தை எனக்கு அவள் அண்ணன் நடித்த நாடகத்தைவிட அதிகமாக வலித்தது.

அந்தக் கேபிளை நானே கழற்றி மறுபடி மாட்டினேன். அவர் வீட்டில் அல்ல, என் வீட்டில். கம்பியைப் பல்லால் கடித்து இழுத்து, முழங்காலால் உருளையை அழுத்தி, வலது கையால் சுற்றினேன். ஒரு பகல் முழுக்கப் போனது. உதடு கிழிந்தது. அது இன்றுவரை ஓடுகிறது. அவர் என்ன செய்தார் தெரியுமா? படகைப் பார்க்க யாராவது வந்தால் மிதியைக் காட்டி, "கேபிளு நான் மாட்டுனது. எப்பிடி ஓடுது பாரு" என்பார். என் எதிரிலேயே சொல்வார்.

நுரையீரல் கெட்டுப்போய் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது தெரேஸின் வற்புறுத்தலில் போனேன். மூக்கில் குழாய் இருந்தது. ஆள் பாதியாகியிருந்தார். கடைசி நேரத்திலாவது அந்த மனிதர் ஒரு வார்த்தை ஒத்துக்கொள்வார் என்று நான் எதிர்பார்த்தேன். தெரேஸ் டாக்டரைப் பார்க்க வெளியே போனாள்.

"படகு எப்பிடி இருக்கு?" என்றார்.

"நல்லாருக்கு."

"கேபிளு?"

"அதுவும் நல்லாருக்கு."

மூச்சு வாங்கியது. கண்ணை மூடிக்கொண்டார். "நான் மாட்டுனதாச்சே" என்றார்.

நான் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

இனி முப்பதாம் நாள். பூசை முடிந்து வீட்டில் சாப்பாடு. அவருடைய பட்டாளத்து நண்பர் அந்துவான், கையில் வைன் கிளாஸோடு எழுந்து, "லூயி ஆத்துல உழுந்த கதை" என்று ஆரம்பித்தார். நான் அதே அறையில் உட்கார்ந்திருந்தேன். அந்துவான் நான் மிதிப்பதை நடித்தார், முழிப்பதை நடித்தார். செத்தவரைப்போலவே கையை ஆட்டி, "ஒத்தக்கையன நம்பி" என்று முடிப்பதற்குள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

தெரேஸ் பிரியாணித் தட்டோடு வந்துகொண்டிருந்தாள். தட்டை மேசைமேல் வைத்தாள்.

"அண்ணன்தான் கேபிள மாத்தி மாட்டுனாரு" என்றாள்.

சிரிப்பு நின்றது. "யாரு சொன்னது?" என்றார் அந்துவான்.

"அவருதான். அன்னைக்குச் சாயங்காலமே எங்கிட்ட போன்ல சொன்னாரு. தப்பு என்னுதுதான், யார்கிட்டயும் சொல்லிடாத, ஒத்தக்கையன்கிட்ட தோத்துட்டேன்னு ஊரே சிரிக்கும்னாரு. நான் உசுரோட இருக்கற வரைக்கும் உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுன்னாரு. பண்ணேன்."

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

மூலையில் கறுப்புச் சேலையில் உட்கார்ந்திருந்த ஒதேத் அக்கா தலையைத் தூக்கினார். "எனக்கும் தெரியும். இந்த வீட்டுல அவரு மாட்டுன ஃபேனுகூட எதிர்ப்பக்கமாத்தான் சுத்துச்சு" என்றார்.

யாரோ ஒருவர் கெக்கலித்தார். அப்புறம் எல்லோரும். அந்துவான் சட்டென்று கட்சி மாறினார். "பட்டாளத்துல அவன் கரண்டியத் தவிர வேற எதத் தொட்டான்? டாங்கியாம், டாங்கி!" என்றார். சிரிப்பு இன்னும் பெரிதானது. சுவரில் மாலை போட்ட படம். படத்துக்கு எதிரே அவர் வீட்டுக் கோழியைத் தின்றுகொண்டு அவரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

எத்தனையோ விருந்துகளில் இந்தச் சிரிப்புக்காக நான் காத்திருந்தேன். சரியாக இந்த வார்த்தைகளுக்காக, இந்த ஆட்கள் முன்னால். வந்தது. என்னால் அதைச் சகிக்க முடியவில்லை. திருப்பிப் பேச அந்த ஆள் அங்கே இல்லை. அவர் இருந்திருந்தால் இந்நேரம் ஒரு பதில் சொல்லி அந்துவானை நாற்காலியோடு கவிழ்த்திருப்பார். நான் எழுந்து நின்றேன்.

"மாத்தித்தான் மாட்டுனாரு" என்றேன். "ஆனா நான் ஓட்டற படகுல அவரு ஏறுனாரு. உழுந்ததுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமயும் வந்து ஏறுனாரு. இங்க சிரிக்கிறவங்கள்ல ஒருத்தர் ஏறியிருக்கீங்களா? எத்தன வாட்டி கூப்புட்டிருக்கேன்? வெயிலுன்னீங்க, வேலன்னீங்க. எனக்குத் தெரியாதா ஏன்னு?"

நான் சொன்னது சரிதானா, அந்தப் பேச்சுக்கு அந்த மனிதர் தகுதியானவர்தானா என்று எனக்கே தெரியவில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது. சில்வி அழுதாள். நான் கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன்.

ஸ்கூட்டரைத் தெரேஸ் ஓட்டினாள். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். இந்திரா காந்தி சிலை சிக்னலில் வண்டி நின்றபோது, "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டேன்.

"அண்ணனுக்கு சத்தியம் பண்ணிட்டேங்க."

"எனக்கும் கோயில்லதான் சத்தியம் பண்ண."

சிக்னல் விழுந்தது. அவள் வண்டியை முத்தியால்பேட்டைப் பக்கம் விட்டாள். அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை. இந்த வீட்டில் அவர் செத்த பிறகும் மூட்டிவிட்டுப் போன சண்டை அது. அதற்கும் சேர்த்து அவர்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது.

சில்வி, நீ கேட்ட நல்ல வார்த்தைகள் மற்றவர்களிடம் நிறைய இருக்கும். வாங்கிக்கொள். என்னிடம் இருப்பது வேறு. உன் அப்பா வீம்புக்காரர். பெருமையடித்தவர். சொந்தத் தங்கையையே எனக்கு எதிராக வாய்கட்டி வைத்தவர். ஆற்றில் சாகக் கிடந்தபோதும் என்னைத் திட்டியவர், ஆஸ்பத்திரியில் சாகக் கிடந்தபோதும் பொய் சொன்னவர். இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். வேறு யாராவது என் எதிரில் சொன்னால், அன்று எழுந்தமாதிரி மறுபடி எழுந்திருப்பேன். ஏன் என்று கேட்காதே.

அவருடைய மெடல்களை நீ எடுத்துக்கொள். வீட்டை உன் அம்மா வைத்துக்கொள்ளட்டும். அந்துவானுக்கு அந்தக் கதை வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளட்டும். லூயி பிரகாசத்தைத் திட்டுகிற உரிமையை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். அதில் ஒருவருக்கும் பங்கு கிடையாது.